மடிக்கணினி முடங்கினால் மனமும் முடங்கலாமா?



2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளன்று, தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலைக் கல்வி பயின்ற மாணவ மாணவியர் அதனைப் பெற்றனர். நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்திவரும் உதவிபெறும் பள்ளிகளின் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். அதுவரை கணினியை வங்கியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் மட்டுமே கண்டிருந்த குடும்பங்கள் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏராளம். அத்தகைய வீடுகளின் ஓட்டுக் கூரையின்கீழும் மடிக்கணினி வந்து அமர்ந்தது. பின்னர் 2025ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில், 2 ஆண்டுகளில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்ற அறிவிப்பும் வெளிவந்தது. ஆக, உழவர் வீட்டிலும் மீனவர் வீட்டிலும் கல்குவாரித் தொழிலாளர் வீட்டிலும் மடிக்கணினி புழங்கும் காலம் இது.

ஆயினும், மாட்டுக்கு நோய் கண்டால் இன்னது செய்ய வேண்டும் என்று அறிந்த நம் மக்கள், மடிக்கணினி ஒருநாள் கண்விழிக்க மறுத்தால் திகைத்து நிற்கின்றனர். கருவி கைக்கு வந்துவிட்டது. அதனைப் பேணும் அறிவு உடன் வரவில்லை.

எண்ணிப் பாருங்கள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க மறுநாள் மாலையே கடைசி. கல்லூரியில் பயிலும் மகள் இரவில் மடிக்கணினியைத் திறக்கிறாள். திரை கறுத்துக் கிடக்கிறது. பொத்தானைப் பத்து முறை அழுத்துகிறாள், பக்கவாட்டில் தட்டிப் பார்க்கிறாள், பயனில்லை. தந்தைக்குத் தெரிந்தால் ஏசுவாரே என்றஞ்சி, அதனைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல் வைத்துவிடுகிறாள். விண்ணப்ப நாள் கடந்துபோகிறது. பல நாள் கழித்து யாரோ ஒருவர் பார்க்கும்போது தெரியவருகிறது: சார்ஜரின் கம்பி ஒரு முனையில் தளர்ந்திருந்தது, வேறெந்தப் பழுதும் இல்லை!

பழுதினால் விளையும் இழப்பைக் காட்டிலும், அச்சத்தாலும் அவசரத்தாலும் விளையும் இழப்பே பெரிது. இதனை விளக்கி, அச்சமின்றி முறையாக ஆராயும் வழியைக் குடும்பங்களுக்குக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மிதிவண்டி தந்த படிப்பினை

இம்மாவட்டத்து மக்களுக்கு இவ்வழி புதியதன்று. 1991ஆம் ஆண்டில் இங்கே அறிவொளி இயக்கம் எழுச்சியோடு நடைபெற்றதை நம் அன்னையர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக விளங்கிய திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தினால், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டும் பயிற்சியும் பெண்களுக்கு அளிக்கப்பட்டது. கல்குவாரியில் உழைத்த பெண்களும், வயல்வேலைக்குச் சென்ற பெண்களும், அங்கன்வாடிப் பணியாளரும் பல்லாயிரக்கணக்கில் மிதிவண்டியில் ஏறினர். ஏளனம் செய்தோர் இருந்தனர். விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டோரும் இருந்தனர். ஆயினும் அச்சம் அகன்றது.

மிதிவண்டி ஓட்டக் கற்றவர் மற்றொன்றையும் கற்றார். சங்கிலி கழன்றால் இறங்கி, கையில் மசி படிவதைப் பொருட்படுத்தாது, தாமே மாட்டிக்கொண்டார். சக்கரம் கோணினால் மட்டுமே கடைக்குத் தள்ளிச் சென்றார். எது தம்மால் ஆவது, எது தொழில் அறிந்தவரால் ஆவது என்று பகுத்துணரும் தெளிவே இங்கு நாம் கொள்ளத்தக்க பாடம். மடிக்கணினிக்கும் கழலும் சங்கிலி உண்டு. கோணும் சக்கரமும் உண்டு.

முதலில் நோயை அறிவோம்

நோய் இன்னதென்றும், அதன் காரணம் இன்னதென்றும் ஆராய்ந்த பின்னரே மருத்துவத்தில் இறங்க வேண்டும் என்பது வள்ளுவர் நமக்களித்த அறிவுரை. “லேப்டாப் ஓடலை” என்று பொதுவாகச் சொல்வது, “உடம்பு சரியில்லை” என்று மருத்துவரிடம் சொல்வது போன்றது. அது எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று காண வேண்டும். நிலைகள் நான்கு:

1. பொத்தானை அழுத்தினாலும் விளக்கில்லை, ஓசையில்லை.
2. விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது. திரையில் ஒன்றும் தெரியவில்லை.
3. திரையில் எழுத்து வருகிறது, அதற்குமேல் செல்லவில்லை.
4. நன்றாகத் தொடங்கி, வேலையின் நடுவே உறைந்துவிடுகிறது.

இந்நான்கும் வெவ்வேறு நோய்கள். அவற்றுக்குரிய மருந்தும் வெவ்வேறு.

மூச்சே இல்லாதபோது

முதல் நிலையில் மடிக்கணினியைக் குறைகூறுமுன், அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். அதே சுவர்ச் செருகியில் கைப்பேசியின் சார்ஜரைப் பொருத்திப் பார்த்தால், குறை செருகியிலா என்பது நொடியில் விளங்கிவிடும். மடிக்கணினிச் சார்ஜரில் இரண்டு கம்பிகள் உண்டு: சுவரிலிருந்து பெட்டி வரைக்கும் ஒன்று, பெட்டியிலிருந்து கணினி வரைக்கும் ஒன்று. பெட்டியில் பொருந்தும் முனை தளர்வதே மிகுதி. சில சார்ஜர்களில் ஒரு சிறு விளக்கு உண்டு. அது எரியாவிடில் ஐயத்துக்கு இடமேயில்லை.

வேறொருவரின் சார்ஜரை இரவல் வாங்கிப் பார்க்கலாம். ஆனால் அதன்மேல் அச்சிட்டுள்ள வோல்ட் அளவு நம்முடையதோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அளவு நம்முடையதற்குக் குறையாதிருக்க வேண்டும். முனை பொருந்துகிறது என்பதற்காக மட்டும் எதையும் மாட்டலாகாது.

சார்ஜர் நன்றாயிருந்தும் உயிர் வரவில்லையெனில், பென் டிரைவ், மௌஸ் முதலிய அனைத்தையும் கழற்றிவிடுங்கள். சார்ஜரையும் எடுத்துவிடுங்கள். அரசு முன்னர் வழங்கிய பழைய மடிக்கணினிகள் பலவற்றில் பேட்டரியைத் தாழ்ப்பாள் நீக்கிக் கையாலேயே கழற்றலாம், அதனையும் கழற்றுங்கள். பின்னர், தொடக்கப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள். உள்ளே தேங்கி நின்ற மின்னேற்றம் வடிந்துவிடும். அதன்பின் பேட்டரியை மாட்டாமல் சார்ஜரை மட்டும் இணைத்துத் தொடங்குங்கள். உயிர் வந்துவிட்டால் குற்றவாளி பேட்டரியே. பேட்டரியைக் கழற்ற இயலாத புதிய மடிக்கணினிகளிலும், சார்ஜரை எடுத்துவிட்டுப் பொத்தானை அவ்வாறு அழுத்திப் பிடித்துப் பார்ப்பது பலன் தருவதுண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. பேட்டரி உப்பியிருந்தாலோ, அதனால் கணினியின் அடிப்பகுதியோ விசைப்பலகையோ மேலெழும்பியிருந்தாலோ, அத்துடன் நிறுத்திவிடுங்கள். சார்ஜ் ஏற்றாதீர்கள், அழுத்தாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பற்றக் கூடியது. குழந்தைகளின் கைக்கெட்டாத இடத்தில் வைத்து, தொழில் அறிந்தவரிடம் ஒப்படைப்பதே முறை.

மூச்சுண்டு, முகமில்லை

இரண்டாம் நிலையில் இதயம் துடிக்கிறது. முகம் மட்டும் தெரியவில்லை. அறையை இருட்டாக்கி, கைவிளக்கின் ஒளியைத் திரையின்மீது சாய்வாகப் பாய்ச்சுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால், திரைக்குப் பின்னாலுள்ள விளக்குதான் கெட்டுள்ளது. கணினி நலமாகவே இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியோடு கம்பி மூலம் இணைத்தும் பார்க்கலாம். அங்கே படம் வந்துவிட்டால், அன்றைய அவசர வேலையைத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தே முடித்துவிடலாம்! திரையைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

தொடங்கும்போது விட்டுவிட்டுக் கூவும் ஓசை கேட்டால், எத்தனை முறை கேட்கிறது என்று எண்ணிக் குறித்துவையுங்கள். எந்த உறுப்புப் பழுது என்பதைக் கணினி தன் மொழியில் சொல்லும் முறை அது. ரேம் எனப்படும் நினைவகத் தகடு தன் இடத்தில் சரியாகப் பொருந்தாமையே பலமுறை காரணமாயிருக்கும். அதனை எடுத்துத் துடைத்து மீண்டும் பொருத்தினால் போதும். ஆயினும் திறந்து பழகியவர் செய்வதே நன்று.

வாசல்வரை வந்து நின்றுவிடுதல்

மூன்றாம் நிலையில், திரையில் நிறுவனத்தின் பெயர் தோன்றுகிறது. அல்லது கறுப்புத் திரையில் சில ஆங்கில வரிகள் நிற்கின்றன. ஏதேனும் பென் டிரைவ் செருகியபடியே விடப்பட்டுள்ளதா என்று முதலில் பாருங்கள். சில கணினிகள் அதனுள் புகுந்து தொடங்க முயன்று, வழிகாணாது நின்றுவிடும். அதனை எடுத்துவிட்டால் பயணம் தொடரும்.

‘அப்டேட்’ நடைபெறுகிறது, அணைக்காதீர் என்று விழுக்காட்டுக் கணக்கோடு திரை சொன்னால், அதனை நம்பிக் காத்திருங்கள். பழைய கணினியில் ஒன்றிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். பொறுமையிழந்து நடுவில் அணைத்தவர்களே புதிய பழுதை வரவழைத்துக்கொள்கின்றனர்.

விண்டோஸ் இரண்டு மூன்று முறை தொடர்ந்து தொடங்கத் தவறினால், பழுது நீக்கும் திரையொன்று தானாகவே தோன்றும். அதில் ‘ஸ்டார்ட்டப் ரிப்பேர்’ என்பதை முயலலாம். ‘சேஃப் மோட்’ என்பது இன்றியமையாத உறுப்புகளோடு மட்டும் தொடங்கும் முறை. அவ்வழியில் உள்ளே நுழைய முடிந்தால், அண்மையில் சேர்த்த ஏதோவொன்றே இடையூறு என்று கொண்டு அதனை நீக்கலாம். எதைச் செய்யினும், ‘ரீசெட்’ என்றோ ‘ஃபார்மட்’ என்றோ வருவதை மட்டும் பொருள் உணராது அழுத்தாதீர்கள்.

அரசு வழங்கிய பழைய மடிக்கணினிகளில் ஒரு நன்மை உண்டு. அவற்றில் பலவும் விண்டோஸுடன், இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயக்க முறைமையையும் கொண்டிருந்தன. ஒரே வீட்டுக்கு இரு வாசல் போன்றது அது. விண்டோஸ் வாசல் அடைபட்டாலும், தொடக்கத் திரையில் மற்றதைத் தேர்ந்து உள்ளே சென்று, வேண்டிய கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். பயன்படுத்தாது கிடந்த அவ்வாசல் ஆபத்தில் உதவும்.

நடுவழியில் உறைதல்

நான்காம் நிலையே வீடுகளில் மிகுதி. அம்புக்குறி அசையாது, எழுத்துப் பதியாது. இந்நிலையில் முதல் மருந்து பொறுமை. ஐந்து முதல் பத்து நிமிடம் ஒன்றும் செய்யாதிருங்கள். அடுத்து, விசைப்பலகையில் ‘கேப்ஸ் லாக்’ விசையை அழுத்துங்கள். அதற்குரிய சிறுவிளக்கு எரிந்தும் அணைந்தும் மாறினால், கணினி உயிரோடிருக்கிறது. ஏதோவொரு மென்பொருள் மட்டுமே சிக்கியுள்ளது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால், ‘டாஸ்க் மேனேஜர்’ என்ற பட்டியல் திறக்கும். அதில் பதிலளிக்காத மென்பொருளைத் தேர்ந்து முடித்துவிட்டால், மற்றவை மீண்டும் இயங்கும்.

விளக்கு மாறாவிடில், தொடக்கப் பொத்தானைப் பத்து நொடிக்குமேல் அழுத்திப் பிடித்து அணைப்பதே இறுதி வழி. சேமிக்காத எழுத்து போய்விடும். ஆகவேதான் அது இறுதி வழி.

அடிக்கடி உறையுமானால் காரணத்தை நாட வேண்டும். வெப்பம் முதற்காரணம். மெத்தையின்மேலும் தலையணையின்மேலும் வைத்து இயக்கினால் அடியிலுள்ள காற்றுத்துளை அடைபடுகிறது. சித்திரை வெயிலில் கேட்க வேண்டியதேயில்லை. பலகையின்மீதோ மேசையின்மீதோ வைத்தே இயக்குங்கள். ஆண்டுக்கொருமுறை விசிறியிலுள்ள தூசியை நீக்கச் செய்யுங்கள். இரண்டாவது, ஹார்டு டிஸ்க் நிரம்பி வழிதல். பத்தில் ஒரு பங்கேனும் காலியாயிருக்கட்டும். மூன்றாவது, வயதுக்கு மீறிய சுமை. சிறு நினைவகத்தோடு பிறந்த பழைய கணினியில் இருபது இணையப் பக்கங்களைத் திறந்துவைப்பது, கிழட்டு மாட்டின் வண்டியில் இருமடங்கு நெல் ஏற்றுவதை ஒக்கும்.

நான்காவது காரணமே கவலைக்குரியது. பழைய மடிக்கணினிகளில் உள்ள ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5400 முறை சுழலும் தட்டு. அதனைப் படிக்கும் ஊசிமுனை, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் மிதந்து செல்கிறது. இயங்கும்போது கணினியைத் தூக்கி எறிவதுபோல் வைத்தால் முனை தட்டில் உரசிவிடும். உள்ளேயிருந்து ‘டிக், டிக்’ என்ற ஓசை இடைவிடாது கேட்டால், வேறெதுவும் செய்யாது அணைத்துவிட்டு, தொழில் அறிந்தவரைக் கொண்டு உள்ளிருப்பவற்றைப் படியெடுங்கள். தட்டுக்குப் பதிலாக அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. என்பதைப் பொருத்தினால், பழைய கணினியும் புத்துயிர் பெறும்.

பொய்யான முடக்கம்

இன்னொரு முடக்கம் உண்டு. அது திருடர் செய்வது. இணையத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கையில், திடீரெனத் திரை முழுவதும் சிவப்பு எச்சரிக்கை தோன்றும். கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, அணைக்காதே, இந்த எண்ணை உடனே அழை என்று உரத்த குரலும் கேட்கும். கணினி உறைந்துவிட்டதாகவே தோன்றும். உண்மையில் அது வெறும் இணையப் பக்கம். எஸ்கேப் விசையை அழுத்திப் பிடியுங்கள்; அதற்கும் அடங்காவிடில் அணைத்துவிடுங்கள். அந்த எண்ணை அழைத்தவரிடம், பழுது நீக்குவதாகக் கூறி வங்கிக் கணக்கையே துடைத்துவிடுவர். மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்கள் எவருக்கும் தாமாக இவ்வாறு எச்சரித்துத் தொலைபேசி எண் தருவதில்லை. எவரேனும் பணம் இழந்திருந்தால், தாமதமின்றி 1930 என்ற எண்ணில் முறையிட வேண்டும். ஏமாற்றப்பட்டவர் வெட்கி ஒளிந்துகொள்ளத் தேவையில்லை. வெட்கப்பட வேண்டியவர் ஏமாற்றியவரே.

மழையும் மின்னலும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், நம் மாவட்டத்தையும் உலுக்கிச் சென்றது. ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. பல ஊர்கள் நெடுநாள் இருளில் கிடந்தன. கூரை பிய்ந்த வீடுகளில் ஏடுகளும் நனைந்தன, கணினிகளும் நனைந்தன.

நனைந்த கணினியைக் கண்டதும் “வேலை செய்கிறதா” என்று பொத்தானை அழுத்திப் பார்ப்பதே நம் இயல்பு. அதுவே அதனைக் கொல்லும். தண்ணீர் தானாக அத்தனை கேடு செய்வதில்லை. தண்ணீரோடு மின்சாரம் சேரும்போதே கேடு விளைகிறது. சார்ஜரையும், இயலுமெனில் பேட்டரியையும் கழற்றிவிட்டு, விரித்துக் கவிழ்த்து, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ காய வைக்காதீர்கள். திறந்து துடைத்துத் தரும் ஒருவரிடம் காட்டிய பின்னரே மின்சாரம் கொடுங்கள்.

மின்னலைப் பற்றியும் ஒரு சொல். மடிக்கணினிச் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 வோல்ட் முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் திறனுடையவை. ஆகவே ஊரில் மின்னழுத்தம் குறைந்தாலும் அவை தாங்கிக்கொள்ளும். ஆனால் இடி மின்னலின்போது கம்பி வழியே பாயும் திடீர் மின்னெழுச்சியைத் தாங்கமாட்டா. ஐப்பசி கார்த்திகையில் வானம் கறுத்தால், செருகியிலிருந்து சார்ஜரை எடுத்துவிடுவதே செலவில்லாத காப்பு.

பழுது பார்ப்பவரிடம் செல்லும்போது

இவ்வளவும் செய்தபின் குணமாகாவிடில் பழுது பார்ப்பவரிடம் செல்லுங்கள். எந்த நிலையில் நிற்கிறது, எப்போது தொடங்கிற்று, என்ன ஓசை கேட்டது என்பனவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். செலவு எவ்வளவு என்பதை முன்னரே கேளுங்கள். மாற்றிய உறுப்பைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, “உள்ளே இருப்பவை வேண்டும், அவற்றை எடுத்துத் தந்த பின்னரே ஃபார்மட் செய்யலாம்” என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஒரு பங்கில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். வெளிநாட்டில் உழைத்து அங்கேயே மரித்த ஒருவரின் மனைவி, மகனுடைய மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். அது தொடங்கவில்லை. கடையில் காட்டியபோது, எல்லாவற்றையும் அழித்துத்தான் சரிசெய்ய முடியும் என்று சொல்லிவிட்டார்களாம். “சாமி, மெசினு போனாப் போகட்டும். அவுக பேசினது அதுக்குள்ளதான் இருக்கு” என்று கூறிக் கண்கலங்கினார். பங்கின் இளைஞர் ஒருவர் அதனுள்ளிருந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, ஒரு சிறு கம்பியின் துணையோடு வேறொரு கணினியில் இணைத்தார். கணவரின் குரலும் மகனின் புதுநன்மைப் படங்களும் ஒன்றுவிடாமல் அங்கே இருந்தன! பழுதடைந்தது விண்டோஸ் மட்டுமே. நினைவுகள் பத்திரமாகவே இருந்தன.

கணினி தொடங்காமையும் கோப்புகள் அழிந்துபோதலும் ஒன்றல்ல என்பதை ஒவ்வொரு குடும்பமும் உணர வேண்டும். கதவின் பூட்டு கெட்டுவிட்டது என்பதற்காக எவரும் வீட்டைக் கொளுத்துவதில்லை.

புதிய விண்டோஸ் 11 கணினிகளில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. அவற்றில் பலவற்றின் உள்ளடக்கம் இரகசியக் குறியீட்டால் பூட்டப்பட்டிருக்கும். பழுது நேரும்போது 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். அது நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். நலமாயிருக்கும்போதே அதனைத் தேடி எழுதி, நிலப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அவ்வெண் இல்லையேல், எத்துணைத் தேர்ந்தவராலும் உள்ளே நுழைய இயலாது.

ஆயர் இல்லத்துக்குச் சென்ற படி

பழுது வராமல் தடுக்க எவராலும் முடியாது. பழுது வந்தாலும் இழப்பு வராமல் தடுக்க எல்லாராலும் முடியும். வழி ஒன்றே: படியெடுத்து வைத்தல். இதில் திருச்சபை நமக்கு மூத்த ஆசிரியை. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒவ்வோராண்டின் இறுதியிலும் பங்குக்குரு தம் பங்கின் ஞானஸ்நான ஏடு, திருமண ஏடு முதலியவற்றின் உண்மைப் படியை ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பணித்தது. ஏன்? பங்கு இல்லத்தில் கரையான் அரிக்கலாம், தீப்பற்றலாம், வெள்ளம் புகலாம். ஒரு படி வேறோர் ஊரில் இருந்தால், ஒருவர் இறைமகனாகப் பிறந்த நாள் அழியாது. கணினி என்ற சொல்லே வழங்காத காலத்தில், கையெழுத்தில் அமைந்த ஏற்பாடு அது.

நாமும் அவ்வாறே செய்வோம். சான்றிதழ்கள், ஆய்வேடு, குடும்பப் படங்கள் ஆகியவற்றின் படியொன்றைப் பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ எடுத்து வீட்டில் வையுங்கள்; இன்னொரு படியை இணையச் சேமிப்பகத்திலோ உறவினர் வீட்டிலோ வையுங்கள். மாதத்தின் முதல் வெள்ளியைப் பக்தியோடு நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள், படியெடுக்கும் நாளையும் அதனோடு சேர்த்துக்கொண்டால் மறவாது. மணவாளனை எதிர்கொள்ளச் சென்ற பத்துக் கன்னியருள் ஐவர் விவேகிகள் என்று போற்றப்பட்டது எதனால்? நள்ளிரவில் எண்ணெய் தேடி ஓடாமல், முன்னரே கலங்களில் எடுத்துச் சென்றமையாலன்றோ!

எறிவதற்கு முன்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு இல்லை. ஆயினும் அவை குப்பைக்கு உரியனவாகிவிடவில்லை. கட்டணமில்லாத லினக்ஸ் முறைமையைப் பதிந்தால், படிக்கவும் எழுதவும் தட்டச்சுப் பழகவும் அவை இன்னும் பயன்படும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல், பயன்படுத்தித் தூக்கியெறியும் பண்பாட்டை வன்மையாகக் கண்டித்தது. கணினிக்குள் ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் உண்டு. குளக்கரையில் எறிந்தால் அவை நம் பிள்ளைகள் குடிக்கும் நீரைச் சேரும். பழுது நீக்கிப் பயன்படுத்துவது சிக்கனம் மட்டுமன்று. படைப்பைப் பேணும் கடமையுமாகும்.

ஆகவே பங்குகளின் இளையோர் இயக்கத்தினருக்கும் வின்சென்ட் தே பவுல் சபையினருக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டில் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப்பின், பங்கு மக்கள் தத்தம் முடங்கிய மடிக்கணினிகளைக் கொண்டுவருமாறு அறிவியுங்கள். கம்பி தளர்ந்தவை அன்றே எழும். உள்ளிருப்பவற்றைப் படியெடுத்துக் கொடுங்கள். உரியவர் வேண்டாமென்று விடுபவற்றைச் சீர்செய்து, மாலைநேரப் படிப்பகத்தில் வையுங்கள். எஞ்சியவற்றை முறையாக மின்கழிவு சேகரிப்போரிடம் சேருங்கள். பொறியியலும் பாலிடெக்னிக்கும் கற்ற பிள்ளைகள் இல்லாத பங்கு நம் மாவட்டத்தில் எது?

பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். பிள்ளை, “கம்ப்யூட்டர் ஓடலை” என்று வந்து சொன்னால், முதற்சொல் ஏச்சாக இருக்க வேண்டாம். “எந்த இடத்தில் நின்றது? வா, பார்ப்போம்” என்று அருகில் அமருங்கள். ஏசினால் அடுத்த பழுதை அவர்கள் மறைப்பர். அமர்ந்தால் அடுத்த கலக்கத்தையும் உங்களிடமே கொண்டுவருவர். அது கணினியின் கலக்கமாக மட்டும் இராது.

இளைஞருக்கும் ஒன்று. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக உயர்த்திய கார்லோ அக்குத்திஸ், 1991ஆம் ஆண்டு பிறந்தவர். இரத்தப் புற்றுநோயால் 2006ஆம் ஆண்டு, தம் 15ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தவர். கணினி நிரல் எழுதும் கலையைத் தாமே முயன்று கற்று, உலகெங்கும் நிகழ்ந்த நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் இட்டார். நம் அன்னையர் மிதிவண்டி பழகிய அதே ஆண்டில் அவர் பிறந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது. கருவிக்கு அவர் அஞ்சவுமில்லை, அதற்கு அடிமையாகவுமில்லை. அதனைத் தம் கைக்குள் வைத்து, பிறருக்குப் பயன்படச் செய்தார். நம் இல்லங்களின் மடிக்கணினிகளும் அவ்வாறே பயன்பட இறைவன் அருள்வாராக!